அல்சூர் மண் கோர்ட்டில் ஒரே ஒரு கேம்

என்னுடைய நாற்பத்தாறாவது பிறந்தநாளன்று காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, ரெசிடென்சி ரோடு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஒரு தீர்மானம் எடுத்தேன். சாவதற்குள் ஒரு டென்னிஸ் கோர்ட்டில் இறங்கி ஒரே ஒரு கேம் ஆடிவிடுவது. ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆடினால் போதும்.

பெரிய தீர்மானங்களை நான் பஸ் நிறுத்தத்தில் எடுப்பதுதான் வழக்கம். வீட்டில் எடுத்தால் செல்லாது.

பெயர் உத்தமன். வைத்தவர் என் அப்பா. அந்தப் பெயரைக் கட்டிக்காக்கும் வேலையை என் மனைவி சங்கமித்ரா பார்த்துக்கொள்கிறாள். நான் ஒரு பெரிய ஓட்டலில் இருபது வருடமாக ராத்திரி டெலிபோன் ஆபரேட்டர். பத்து மணிக்கு ஹெட்போனைக் காதில் மாட்டினால் காலை ஆறு மணிக்குத்தான் கழற்றுவேன். ராத்திரி முழுக்க உலகமே என் காதுக்குள் வந்து ஹலோ சொல்லும். விடிந்து வெளியே வந்தால் சொல்ல ஆள் கிடையாது. ஊர் பல் துலக்கும்போது நான் படுக்கப் போகிறவன். அப்படி ஒருத்தனிடம் என்ன பேசுவார்கள்?

படித்தது எட்டாம் வகுப்பு. மிச்சத்தை ஓட்டல் கற்றுக்கொடுத்தது. அறைகளில் விருந்தினர்கள் விட்டுப்போகும் ஆங்கிலப் பத்திரிகைகள் என் மேஜைக்கு வரும். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் குத்திக் குத்தி வாசித்தேன். அதில் பாதி டென்னிஸ் பத்திரிகை. அப்படிப் பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். அப்புறம் வெளிநாட்டு லைன் கிடைக்கும்வரை விருந்தினர்களிடம் மெதுவாகக் கேட்க ஆரம்பித்தேன். "சார், உங்கள் ஊரில் டென்னிஸ் கோர்ட் எப்படி? தரை என்ன? யாரை உள்ளே விடுவார்கள்?" ராத்திரி இரண்டு மணிக்கு இப்படிக் கேட்டால் மனிதர்கள் ஏனோ பதில் சொல்லிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். இங்கிலாந்தில் புல், பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு வரும். பாரிஸில் செங்கல்லைப் பொடித்துத் தூவிய சிவப்புத் தரை. பந்து நின்று யோசித்துவிட்டு எழும்பும். நியூயார்க்கில் பூங்காவுக்குப் பூங்கா கெட்டித் தரை. ஒரு பர்மிட் வாங்கினால் போதும், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. ஸ்வீடனில் பனி, அதனால் கூரைக்குள் கம்பளம் விரித்து ஆடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் கறையான் புற்றை இடித்துப் பரப்பிய தரையும் உண்டு.

இந்தக் கடைசிச் செய்தியை ஒருநாள் சங்கமித்ராவிடம் சொன்னேன். அவள் தையல் மிஷினில் இருந்தாள். அல்சூரில் பாதிப் பேருடைய பிளவுஸ் அவள் கையில்தான் பிறக்கிறது.

"புத்தை இடிச்சு அது மேல பந்தாடறாங்களா?"

"ஆமா."

"நம்ம ஊர்ல பால் ஊத்துவாங்க."

"அங்க அந்த வழக்கம் இல்ல."

"கறையான் எங்க போகும்?"

இருபத்துமூன்று நாட்டுக் கோர்ட்டு விவரம் இருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கறையான் போன இடம் அதில் இல்லை.

இவ்வளவு தெரிந்தும் ஒரு கோர்ட்டில் நான் கால் வைத்ததில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. கையில் ஒரு பேட் மட்டும் இருந்தது. எவனோ ஒரு டச்சுக்காரன் அறையில் விட்டுப்போனது. ஆறு மாதம் கேட்க ஆள் வராததால் மேனேஜர் எனக்குக் கொடுத்தார். அதை ஓட்டல் லாக்கரில் வைத்து, அவ்வப்போது நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொள்வேன்.

பிறந்தநாள் தீர்மானத்தை வீட்டில் சொன்னேன். சங்கமித்ரா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"நேத்து பகல்ல எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?"

"மூணு."

"முந்தாநாள்?"

"ரெண்டே முக்கால்."

"மிச்ச நேரம் என்ன செஞ்சீங்க?"

என்ன செய்வேன்? நடப்பேன். எங்கள் வீடு இரண்டு அறை. மிஷின் இருக்கும் அறையிலிருந்து அடுப்பு இருக்கும் அறைக்கு, அங்கிருந்து இங்கே. வழியில் ஏதாவது டப்பாவைத் திறந்து பார்ப்பேன். அவள் தைக்கும் கைக்கு யோசனை சொல்வேன். சென்ற மாதம் என் யோசனையால் ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸுக்கு ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் அமைந்துவிட்டது. ராத்திரி வேலை பார்க்கிறவனுக்குப் பகல் தூக்கம் அவ்வளவு சுலபமில்லை. கண்ணை மூடினால் காதுக்குள் மணி அடிக்கும். டாக்டரும் மிரட்டியிருந்தார், இப்படியே போனால் இதயம் முரண்டு பிடிக்கும் என்று.

"தினம் ஏழு மணி நேரம் தூங்கிக் காட்டுங்க. அப்புறம் டென்னிஸ் ஆடுங்க, மலை ஏறுங்க, கேட்க மாட்டேன். தூக்கம் இல்லாத உடம்பை வெயில்ல கொண்டுபோய் ஓடவிட மாட்டேன்."

"ஒரே ஒரு கேம் மித்ரா."

"ஏழு மணி நேரம்."

பக்கத்து வீட்டு பிரிஜெட் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள். காலை முழுவதும் எங்கள் வீட்டில்தான் டூட்டி.

"அவ சொல்றது கரெக்ட் அண்ணே. டென்னிஸ்னா சும்மாவா. ஹார்ட்டு வேணும்."

"இருக்கறதனாலதானே ஆசைப்படறேன்."

"அந்த ஹார்ட்டு இல்ல அண்ணே, டாக்டர் சொன்ன ஹார்ட்டு."

அன்றைக்கே ரகசியமாகக் கோர்ட் தேட ஆரம்பித்தேன். பெரிய கிளப்பில் விசாரித்தேன். இன்றைக்கு மனுப் போட்டால் பதினெட்டு வருடம் கழித்துக் கூப்பிடுவார்களாம். எனக்கு அறுபத்துநாலு ஆகியிருக்கும். அதற்கும் இரண்டு மெம்பர்கள் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த மெம்பர்களை எல்லாம் குரலில்தான் தெரியும். ஸ்டேடியத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். ஆனால் காலை நேரம் பூராவும் கோச்சிங் பிள்ளைகளுக்கு. எனக்கு ஒதுக்க முடிந்தது மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு. ஏப்ரல் மாதம். அது டென்னிஸ் இல்லை, வடாம் காயப்போடுவது.

கடைசியில் கிடைத்தது அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு பழைய சின்ன கிளப். ஒரே ஒரு கோர்ட். மண் கோர்ட். செம்மண்ணைச் சலித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை போட்டு இறுக்கி, மேலே சாணி கரைத்து மெழுகியது. பாரிஸில் செங்கல் என்றால் நமக்குச் சாணி. நோட்டில் இருபத்துநாலாவது தரையாக எழுதிக்கொண்டேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்ததைக் கடைசியில்தான் எழுதினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் கன்னடத்தில் ஒரு போர்டு. நீளமாக ஏதேதோ விதிகள். நான் கன்னடம் மழையாகப் பேசுவேன். வாசிக்க மட்டும் வராது. அதை இருபது வருடமாக யாருக்கும் காட்டிக்கொண்டதில்லை. பஸ்ஸில்கூட நம்பரைப் பார்த்துத்தான் ஏறுவேன். போர்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, புரிந்தவனைப் போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

மார்க்கர் கோவிந்தப்பா அங்கேதான் இருந்தார். மார்க்கர் என்றால் கோர்ட்டைக் கவனித்து, ஜோடி இல்லாத மெம்பர்களோடு ஆடியும் கொடுக்கிறவர். அறுபது வயது. வெள்ளை அரைக்கால் சட்டை, வெள்ளைத் தொப்பி, வெள்ளை மீசை. கோடு போடுகிற சுண்ணாம்பு மேலெல்லாம் தெறித்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன்.

"மெம்பரா சார்?"

"இல்ல."

"மெம்பர் கூட்டிட்டு வந்த கெஸ்ட்டா?"

"இல்ல."

"அப்ப கஷ்டா."

நான் என் நோட்டை எடுத்துக் காட்டினேன். ஸ்வீடன்வரை வாசித்துக் காட்டினேன். அவர் தொப்பியை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். படித்தவனைப் பார்த்தால் மனிதர்களுக்கு வரும் இரக்கம் அவருக்கும் வந்தது.

"ஒந்து தாரி இதெ சார். ஒரு வழி இருக்கு. காலையில ஆறரைக்கு நான் கோர்ட் ரெடி பண்ண ஆரம்பிப்பேன். எட்டு மணிக்கு மெம்பர்ஸ் வருவாங்க. கூட ஒரு ஆள் இருந்தா ஏழரைக்கே முடிஞ்சிடும். அந்த அரை மணி உங்களுக்கு."

ஆறு மணிக்கு டூட்டி முடிகிறது. ஆறரைக்கு கோர்ட். எட்டரைக்கு வீடு. வீட்டுக்கு ஒரே ஒரு பொய் போதும்.

"ஓட்டல்ல புது ரூல் மித்ரா. ஆறு மணிக்கு முடியற டூட்டி இனிமே எட்டு மணி."

"எதுக்கு?"

"அமெரிக்காக்காரங்க போன் பண்ற நேரம்."

"இங்க காலை ஆறரைன்னா அங்க என்ன மணி?"

"ராத்திரி ஒம்பது."

"ராத்திரி ஒம்பது மணிக்கு அவன் எதுக்கு அல்சூர்க்காரனுக்குப் போன் பண்றான்?"

"எனக்கு இல்ல மித்ரா, ஓட்டலுக்கு."

"சரி. சாப்பாடு எட்டரைக்கு எடுத்து வைக்கறேன்."

இவ்வளவு சுலபமா என்று எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

முதல் நாள் மண் சலித்தேன். இரண்டாம் நாள் தண்ணீர் தெளித்தேன். மூன்றாம் நாள் உருளை. கல் உருளை. பெரிய எருமை குறுக்கே படுத்திருப்பதைப் போல இருந்தது. கோவிந்தப்பா பின்னால் தள்ள, நான் முன்னால் இழுக்க, கோர்ட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு. முதல் வாரம் அவர் தள்ளினார். இரண்டாம் வாரத்திலிருந்து தள்ளுவது எப்படி என்று சொன்னார்.

அரை மணி நேரம் மட்டும் வரவே இல்லை. மெழுகின நாளில் "ஈரம் சார், கால் வச்சா பேத்துக்கும், நாளெ" என்பார். காய்ந்த நாளில் கோடு போட வேண்டும். கோடு போட்ட நாளில் சுண்ணாம்பு உலர வேண்டும். எல்லாம் சரியாக இருந்த ஒரு நாளில் நெட்டில் ஓட்டை. உட்கார்ந்து பின்னினேன். பின்னி முடித்து நிமிர்ந்தால் மெம்பர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பேட்டை ஷெட்டில் ஆணியில் மாட்டிவைத்திருந்தேன். ஒருநாள் பார்த்தால் அதன் கைப்பிடியில் யாரோ பூப்போட்ட துணி சுற்றி அழகாகத் தைத்திருந்தார்கள். கோவிந்தப்பாவுக்கு என் மேல் இவ்வளவு பிரியமா என்று நெகிழ்ந்துபோனேன்.

வீட்டில் சின்னச் சின்ன ஆபத்துகள் வராமல் இல்லை.

"சட்டையில என்ன வாசனை?"

"எந்த வாசனை?"

"சாணி."

"ஓட்டல்ல ஏதோ கோபூஜை."

"அஞ்சு நட்சத்திர ஓட்டல்லயா?"

"லாபியில நிக்க வச்சாங்க."

"லிஃப்ட்ல வந்துச்சா, படி ஏறி வந்துச்சா?"

"லாபி கீழதான் மித்ரா."

"அதுவும் சரிதான்" என்று சட்டையை வாங்கி ஊறப்போட்டாள். பூஜை தினமும் நடந்தது. அவள் அதற்கப்புறம் கேட்கவே இல்லை. பொய் சொல்வதில் எனக்கு ஒரு கை இருக்கிறது என்று இந்த வயதில்தான் தெரிந்தது.

இதற்கு நடுவே எனக்கே தெரியாமல் ஒன்று நடந்தது. எட்டரைக்கு வந்து ராகிக் களி சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்தால், கண்ணை மூடினது தெரியும், திறந்தது நாலு மணிக்கு. காதுக்குள் மணி இல்லை. நடுவில் எழுந்து டப்பா திறப்பதும் இல்லை. பிளவுஸ்களுக்கு இரண்டு கையும் ஒரே அளவில் அமைந்தன.

இன்னொன்றும் நடந்தது. சங்கமித்ராவுக்குத் திடீரென்று டென்னிஸில் ஆர்வம் வந்தது. மாலையில் டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்காருவாள்.

"ஏங்க, பந்து கீழ பட்டு எழும்பவே மாட்டேங்குதுன்னா என்ன காரணம்?"

இருபது வருடமாக இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

"தரையைப் பொறுத்தது. புல்லுன்னா அப்படித்தான், தாழ்வா வரும். பாரிஸ்ல நல்லா எழும்பும். சாணி மெழுகின மண்ணுன்னு வை, சாணி ஜாஸ்தியானா பந்து செத்துடும்."

"அப்ப சாணிதான் ஜாஸ்தி" என்றாள் தனக்குள்.

மறுநாள் கோவிந்தப்பா சொன்னார். "சாணி ஸ்வல்ப குறைங்க சார். ஆடறவங்க கம்ப்ளெயின்ட்."

எப்படி ஒரு பொருத்தம் பாருங்கள் என்று வியந்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைத் துணியில் அவள் சுடிதார் தைத்துக்கொண்டிருந்தபோதும் தோன்றவில்லை. யாருக்கு என்று கேட்டேன். "கான்வென்ட்டுக்கு" என்றாள். பிரிஜெட்டுக்கும் சேர்த்து அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வயதில் கான்வென்ட்டா என்றுகூடக் கேட்காதவன் நான்.

இப்படி ஏழு வாரம் போயிற்று. எட்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. வேர்வையில் வழுக்குகிறது என்று என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஷெட் ஆணியில் மாட்டிவிட்டு உருளை இழுத்தேன். அப்படியே தூக்கக் கலக்கத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டுப் படுத்தேன். தூக்கம் வரும் நேரத்தில் ஞாபகம் வந்தது. கண்ணாடி இல்லாமல் ராத்திரி வேலைக்குப் போக முடியாது. எழுந்தேன். வீட்டில் யாரும் இல்லை. மார்க்கெட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, சுவரைத் தடவாத குறையாக கிளப்புக்கு நடந்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் தூரத்தில் இருப்பதெல்லாம் எனக்குக் கஞ்சி.

மணி ஒன்பதே முக்கால் இருக்கும். கோர்ட்டில் வெள்ளையாக இரண்டு உருவங்கள் ஆடிக்கொண்டிருந்தன. பெண்கள். ஒருத்தி குட்டை, பந்துக்குப் போகும்போதெல்லாம் இயேசுவைக் கூப்பிட்டாள். இன்னொருத்தி உயரம். முகம்தான் கஞ்சி, அசைவு தெரிந்தது. அவளுடைய பேக்ஹேண்டைப் பார்த்து நின்றுவிட்டேன். தோளைத் திருப்பி, முழங்காலை மடக்கி, பந்தை வரவிட்டு, துணி கிழிக்கிற மாதிரி நேராக ஒரு இழுப்பு. பத்திரிகைகளில்தான் இப்படிப் பார்த்திருக்கிறேன். நான் மெழுகின தரையில் இப்படி ஒருத்தி ஆடுகிறாளே என்று பெருமையாக இருந்தது. யாரோ பெரிய வீட்டுப் பெண்மணி, கொடுத்துவைத்த புருஷன், என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண்மணி பேசினாள்.

"கோவிந்தப்பா, இந்த மூலையில இன்னும் பள்ளமா இருக்கு. நாளைக்கு அவரை இங்க மட்டும் ரெண்டு தடவை உருட்டச் சொல்லுங்க."

அந்தக் குரலை இருபத்திரண்டு வருடமாகத் தினம் கேட்கிறேன். என் தொழிலே குரலை வைத்து ஆளைச் சொல்வது.

"சங்கமித்ரா" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. அதில்தான் எனக்குத் திடுக்கென்றது.

"கண்ணாடி ஆணியில மாட்டியிருக்கு. முதல்ல போட்டுக்குங்க, கல்லு தடுக்கப் போகுது."

போட்டுக்கொண்டேன். கஞ்சி தெளிந்தது. வெள்ளைச் சுடிதார், கேன்வாஸ் ஷூ, கையில் பூப்போட்ட பிடி.

"அது என் பேட்டு."

"ஆமா. பிடி வழுக்குச்சு, அதான் துணி சுத்தினேன். நல்லா இருக்கா?"

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீங்க ஓவர்டைம் பாக்க ஆரம்பிச்ச அடுத்த வாரத்துலேர்ந்து. கோவிந்தப்பாதான் கத்துக்குடுத்தார்."

பிரிஜெட் நெட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த ஒரு மூலையைத் தவிர, மத்தபடி ரொம்ப நல்லா மெழுகறீங்க."

சங்கமித்ரா பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாம் நாளே கரண்ட் பில் எங்கே என்று என்னிடம் கேட்க, பிரிஜெட் வீட்டுப் போனிலிருந்து இவள் ஓட்டலுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். உத்தமன் சார் ஆறு மணிக்கே போய்விட்டாரே என்றிருக்கிறார்கள். சாணி வாசனையை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நாள்தான் ஆயிற்று.

"காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன். நீங்க அந்த உருளையை இழுத்துட்டிருந்தீங்க. முகத்துல... சரி, விடுங்க."

"முகத்துல என்ன?"

"சிரிப்பு. காலை நேரத்துல உங்க முகத்துல அதை நான் பாத்ததே இல்ல. அன்னிக்குப் பகல்ல ஏழு மணி நேரம் தூங்கினீங்க. பக்கத்துல உக்காந்து மணி பாத்துட்டே இருந்தேன். அப்பத்தான் கோவிந்தப்பாகிட்ட வந்து சொன்னேன், அவருக்கு ஆட்டம் குடுக்காதீங்க, உருளை குடுங்கன்னு."

கோவிந்தப்பா சுண்ணாம்பு வாளிக்குள் எதையோ தேடினார்.

"மேடம் ஹேளித்ரு சார். மேடம் சொன்னா நான் என்ன பண்ண முடியும்?"

"நெட்டுல ஓட்டை?"

"அது நிஜம் சார். முதல் ஓட்டை நிஜம்."

கோபப்பட வேண்டிய இடம்தான். கோபம்தான் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இருந்த சுயமரியாதையை எல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"ஏழு வாரம் ஏழு மணி நேரம் தூங்கியாச்சு. உன் கண்டிஷன் முடிஞ்சுது. எனக்கு ஒரு கேம் வேணும். இப்பவே."

"லேடீஸ் டைம் அண்ணே இது" என்றாள் பிரிஜெட்.

"அதெல்லாம் ஆடலாம்" என்றாள் சங்கமித்ரா. "போர்டுலயே இருக்கே."

"எந்த போர்டு?"

"கேட்டுல இருக்கற போர்டு." கன்னட மீடியத்தில் பத்தாவதுவரை படித்தவள். ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "இது சர்க்கார் குத்தகை நிலம். அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களுக்குத் தினம் ஒம்பதரையிலிருந்து பத்தரைவரைக்கும் இலவசம். நாலாவது வரியைப் பாருங்க. கூட வர்ற குடும்பத்துக்காரங்களும் ஆடலாம். அதுக்கும் காசு இல்ல."

அதாவது, மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் முதல் நாளே ஆடியிருக்கலாம்.

"கோவிந்தப்பா, இதை ஏன் நீங்க எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் முதல் நாளே போர்டு முன்னால நின்னு படிச்சீங்களே சார். தலைகூட ஆட்டினீங்க. மனைவியைக் கூட்டிட்டு வர இஷ்டம் இல்ல போலிருக்குன்னு நினைச்சேன்."

நியூயார்க்கில் பர்மிட் எந்த ஜன்னலில் கொடுப்பார்கள் என்பது என் நோட்டில் இருக்கிறது. சங்கமித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும்போலிருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்கப் பயமாக இருந்தது.

"சரி, வாங்க" என்று பூப்போட்ட பேட்டை என் கையில் கொடுத்தாள். பிரிஜெட்டின் பேட்டை வாங்கிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனாள். "ஒரு கேம். சர்வீஸ் நீங்க."

கோட்டுக்குப் பின்னால் நின்றேன். வெறும் காலுக்குக் கீழே தரை சில்லென்று, வழவழவென்று இருந்தது. ஒவ்வொரு அங்குலமும் நான் இறுக்கினது. பந்தை மேலே போட்டேன். இருபது வருடம் வாசித்ததெல்லாம் அந்த ஒரு வினாடியில் மறந்துபோயிற்று. எப்படியோ அடித்தேன். பந்து நெட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் மெதுவாக விழுந்தது. சங்கமித்ரா ஓடிவந்து அடித்தாள். நெட்டில்.

"பிப்டீன் லவ்" என்றார் கோவிந்தப்பா. முதல் பாயின்ட் எனக்கு. இப்படி நாலு எடுத்தால் கேம்.

இரண்டாவது பந்தும் போயிற்று. அவள் அடித்தது நெட்டில். மூன்றாவதும் அப்படியே. நான்காவதைப் போட்டேன். பந்து பள்ளமான அந்த மூலையில் விழுந்து, எழும்பாமல் படுத்துக்கொண்டது. குனிந்து எடுத்து அடித்தாள். நெட்டில்.

"கேம், உத்தமன் சார்."

பிரிஜெட் கை தட்டினாள். நான் கோர்ட்டின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தேன். ஏரியிலிருந்து காற்று வந்தது. வேலிக்கு வெளியே ஒரு கீரை வண்டிக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காலை பத்து மணிக்கு, வெளிச்சத்தில், மனிதர்கள் பார்க்க, நான் ஒன்றைச் செய்து முடித்திருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் எங்கே தோற்றாள் என்று விளக்கிக்கொண்டே வந்தேன்.

"முழங்காலை நீ இன்னும் மடக்கணும் மித்ரா. சாணித் தரையில பந்து லேட்டா வரும். அதுக்கு முன்னாடியே கையை வீசிட்டே."

"சரிங்க."

"தரையைப் படிக்கணும். ஆட்டம் கையில இல்ல, தரையில இருக்கு."

"சரிங்க."

"மனசு வருத்தமா இருக்கா?"

"இல்லீங்க. நீங்க போய்ப் படுங்க."

அன்றைக்குப் படுத்தவனை ராத்திரி ஒன்பது மணிக்கு அவள்தான் உலுக்கி எழுப்பி வேலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ராத்திரி லைனில் வந்த ஒரு பெல்ஜியம்காரரிடம், நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊர்த் தரையைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னேன். நான் ஆடின ஆட்டத்தையும் சொன்னேன். கங்கிராஜுலேஷன்ஸ் என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்கு கிளப்புக்குப் போனேன். ஷெட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கோர்ட்டின் நடுவில் போய் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"கோவிந்தப்பா, இன்னிக்கு உருளை கிருளை எல்லாம் கிடையாது. இருபத்துநாலு நாட்டு விவரம் எங்கிட்ட இருக்கு. ஜெயிச்சவன் தரை மெழுகினதா எங்கயும் கிடையாது."

கோவிந்தப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு மேடம் நேத்தே சொன்னாங்க சார்."

"சொல்லி?"

"அப்படிச் சொன்னா மட்டும், அந்த நாலு பந்தையும் எதுக்கு நெட்டுல அடிச்சேன்னு சார்கிட்ட சொல்லிடுங்கன்னாங்க. இல்லேன்னா சொல்ல வேண்டாம்னாங்க. சொல்லட்டுமா சார்?"

இடுப்பிலிருந்து கையை எடுத்தேன்.

"வேண்டாம்" என்றேன். "சாணி வந்துடுச்சா?"